தாலியைக் கழற்றச் சொல்லாத டொக்டரம்மாவுக்கு

லுணுகலை டவுனில் குதிகால் வெடிப்புக்கு ஒட்டவென்று ஒரு பிளாஸ்டர் சுருள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைக் கிழித்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்கள் டொக்டரம்மா, காலை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் யாழ்ப்பாணத்தில் காலமானதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை. இந்த வாசத்துக்கு வந்தது.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. எத்தனை வயிற்றைத் தொட்டுப் பார்த்த கை உங்களுடையது! தொண்ணூறுகளின் கடைசியில், அடைமழை நாளொன்றில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்குகளுக்கு நடுவே கிடத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவள் நான். தலைப்பிரசவம். பிள்ளையின் துடிப்பு குறைந்துகொண்டு போகிறது, உடனே வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சரி என்றேன். தாலியைக் கழற்று என்றார்கள். அங்கேதான் சண்டை தொடங்கியது.

தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு முரண்டு பிடித்தேன். "புள்ள சாகப்போவுது, ஒனக்கு மஞ்சக் கயிறா பெருசு?" என்று ஆயாம்மா கத்தினார். என் விரல்களைப் பிரிக்கவும் பார்த்தார். நான் அவர் கையைக் கடித்திருப்பேன். நீங்கள் வந்ததால் தப்பினார்.

எல்லோரும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த அந்த இடத்தில், நீங்கள் குனிந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்தீர்கள். "என்னத்துக்குப் பயப்பிடுறீங்கள்? எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். தோட்டத்துப் பொம்பளையை 'நீங்கள்' என்று கூப்பிட்ட டொக்டரை அதுவரை நான் பார்த்ததில்லை. வலியிலும் உங்கள் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா?

"எங்க அக்கா பிரசவத்துக்கு வந்தப்பவும் இப்படித்தாங்க கழட்டச் சொன்னாங்க" என்றேன். "அக்கா திரும்பி வரலங்க. தாலிய மட்டும் பேப்பர்ல சுத்தி அம்மா கையில குடுத்தாங்க."

மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்று பொய்யும் சொல்லவில்லை. "கத்தி வைக்கிறது வயித்தில. தாலி கிடக்கிறது கழுத்தில. ரெண்டுக்கும் என்ன சண்டை?" என்று சொல்லிவிட்டு, நீங்களே பிளாஸ்டரைக் கிழித்து, தாலியை என் தோளோடு சேர்த்து ஒட்டினீர்கள்.

"நான் செத்துப்போனா?" என்று கேட்டேன்.

"அப்பிடி நடந்தா, இதை நானே கொண்டுவந்து உங்கட அம்மாவின்ர கையில குடுப்பன். பேப்பரில சுத்தி அனுப்ப மாட்டன். ஆனா அப்பிடி நடக்க விடக்கூடாதெண்டுதான் இவ்வளவு பேரும் நிக்கிறம்."

அந்தப் பதிலில்தான் எனக்குத் தைரியம் வந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகும் நீங்கள் வாயை மூடவில்லை. "இப்ப இழுக்கிற மாதிரி இருக்கும், நோகாது", "இப்ப வயித்தை அமத்துவம்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னீர்கள். என் உடம்பில் நடப்பதை என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தீர்கள். மகள் வீரிட்டு அழுதபோது, "உங்களை மாதிரித்தான், குரலைப் பாருங்கோ" என்று கேலி செய்தீர்கள்.

வார்டில் ஒரு காலை என் கட்டிலோரம் வந்து, அக்காவுக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றீர்கள். "எங்களுக்கு யாருங்க சொல்லுவா?" என்றேன். உங்கள் முகம் கறுத்தது. கோபம் என் மேல் இல்லை என்று மட்டும் புரிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேறும் சகதியுமாக, குடையும் கையுமாக எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றீர்கள். வரிசை வீடுகள் அத்தனையிலிருந்தும் லயமே எட்டிப் பார்த்தது. பிள்ளையைப் பார்க்க வந்தீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நீங்களோ அம்மாவுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, அக்காவுக்கு வைத்தியம் பார்த்த பழைய ஆட்களிடம் விசாரித்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டே, "வலி வந்தப்புறம் நாந்தாங்க சோறு ஊட்டி அனுப்புனேன். அதாலதான் அவ செத்தான்னு ஆஸ்பத்திரியில ஏசுனாங்க" என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். இத்தனை வருஷமாக அம்மா இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"இல்லையம்மா. பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிக்கேல்லை. ரத்தம் ஏத்தியும் காப்பாத்த முடியேல்லை. உங்கட சோத்தால ஒண்டும் நடக்கேல்லை. இதை அண்டைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். சொல்லாமல் விட்டது எங்கட பிழை."

அக்கா போனபோது நீங்கள் அந்த ஆஸ்பத்திரியிலேயே இல்லை. ஆனாலும் 'எங்கட பிழை' என்றீர்கள். அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். செத்தவீட்டில்கூட அப்படி அழாதவர். நீங்கள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து, எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினார்.

இப்போது நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். இங்கிருந்து எந்தப் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் கூடப் போகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது வந்து அவளுடைய அம்மாவிடம் சொல்லும்வரை வாசலை விட்டு நகரமாட்டேன். "இந்தப் பொம்பள வந்துட்டா" என்று சலித்துக்கொள்கிறார்கள், டொக்டரம்மா. சலித்துக்கொண்டே வந்து சொல்லிவிடுகிறார்கள்.