ஏசி அறையில் கோபிபாடுகள்

கீழ்க்கட்டளை
4.11.2024

ஷெர்வினுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும், சளி குறைந்ததா? போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால்தான் இந்த மெயில்.

லேபில் கரண்ட் போய், மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக வளர்த்த என் பொடிக் கடல் பூச்சிகள், கோபிபாடுகள், எல்லாம் செத்துவிட்டன. நம் படுக்கையறை ஜன்னலில் விட்டுவந்த இரண்டு பாட்டில்கள்தான் மிச்சம். அதில் இருப்பவை இப்போதுதான் பொரித்த குஞ்சுகள், வண்டியில் குலுங்கினால் தாங்காது. காலையில் ஒரு மூடி பாசித் தண்ணீர் ஊற்றினால் போதும். பத்து நாளில் பெரிதாகி முட்டையிடும். விட்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். அதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அப்புறம் உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

இருபதாம் தேதிவாக்கில் லேபில் களவா மீன் முட்டைகள் பொரிக்கும். அந்த மீன் குஞ்சுகளின் பொடி வாய்க்குள் கோபிபாட் குஞ்சுதான் நுழையும்; இந்த இரண்டு பாட்டிலும் முட்டையிட்டுப் பெருகினால்தான் அத்தனைக்கும் போதும். என் ஐந்து வருட ஆராய்ச்சி இதில்தான் நிற்கிறது. பயமாக இருக்கிறது.

ஜெரூஷா

முடிச்சூர்
8.11.2024

அன்புள்ள ஜெரூ,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், பாட்டிலில் இருப்பவர்களும் சேர்த்து. டார்ச் அடித்துப் பார்க்கிறேன். வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நிற்கின்றன. கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டால் எனக்கு உயிரே போகிறது. "இந்தப் பூச்சியா, நானா" என்று கத்தியவன் இப்போது பூச்சிக்குப் பரிமாறுகிறேன். சிரிக்காதே.

சளி போய்விட்டது. என் சமையல்தான் சகிக்கவில்லை. நீ அவசரப்படாதே, அவை நிதானமாக வளரட்டும்.

உன் ஷெர்வின்

கீழ்க்கட்டளை
15.11.2024

ஷெர்வினுக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். இன்னும் குஞ்சாகவே இருக்கின்றனவே, ஏன்? பாசி கொடுக்கிறீர்களா இல்லையா? எனக்குத் தூக்கமே இல்லை.

ஜெரூஷா

முடிச்சூர்
16.11.2024

அன்புள்ள ஜெரூ,

பாசி வேளை தவறாமல் கொடுக்கிறேன், சத்தியமாக. மழைக்காலம் அல்லவா, மெதுவாக வளர்கின்றன போலிருக்கிறது. நீ கவலைப்படாதே. உன் மெயில் வரும் நாளில் எனக்கு இந்த வீடு வீடாக இருக்கிறது. அடிக்கடி எழுது.

உன் ஷெர்வின்

கீழ்க்கட்டளை
24.11.2024

ஷெர்வினுக்கு,

நேற்று மீன் கடையில் நம் எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அக்காவைப் பார்த்தேன். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு கொட்ற மழைல ஏசியப் போட்டு, பாட்டிலுக்குப் பக்கத்துல போர்வ போத்திகினு குந்திகினு கீறாரு? பார்க்கவே பேஜாரா கீது" என்றார்.

குளிரில் வைத்தால் மெதுவாக வளரும் என்று கல்யாணமான புதிதில் நான்தான் சொன்னேன். நீங்கள் காதில் வாங்கவே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை களவாக் குஞ்சுகள் வாய் திறந்தன. கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இன்று எல்லாம் தொட்டியின் அடியில் கிடக்கின்றன.

நான் வந்து பாட்டில்களை எடுத்துப் போய்விட்டால் அப்புறம் மெயிலும் நின்றுவிடும் என்ற பயம் உங்களுக்கு. புரிகிறது, ஷெர்வின். "வா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், பாட்டிலே இல்லாவிட்டாலும் வந்திருப்பேன். அந்த ஒரு வரியைத்தான் ஒவ்வொரு மெயிலிலும் தேடினேன்.

ஏசியை அணைத்துவிடுங்கள். இனியாவது அவை வளரட்டும். வளர்ந்ததும் லேபிலிருந்து ஹேமநாத் வந்து வாங்கிக்கொள்வார்.

ஜெரூஷா