ஓடிபி அப்பாவின் ஃபோனுக்கு

அப்பா,

இன்று காலை ஷார்ஜா அறையில் உட்கார்ந்து ஒரு இயர்போன் வாங்கினேன். ஓடிபி என் ஃபோனுக்கே வந்தது. வங்கிக் கணக்கில் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைச் சேர்த்த பிறகு இதுதான் முதல் தடவை. எண்ணைத் தட்டினேன், பணம் போய்விட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வேலை உறுதியானதும் நான் ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியும். வரைபட மென்பொருளை வீடியோ பார்த்தே கற்றவன், வங்கி விஷயத்தையும் அப்படியே கரைத்துக் குடித்தேன். எந்த வங்கியில் என்ன கட்டணம், எந்தச் செயலி அடிக்கடி தொங்கும், எல்லாம் சேர்த்து ஒரு பெரிய அட்டவணை போட்டேன். நீங்கள் லோடு இறக்கிவிட்டுச் சங்ககிரி வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்ததும் லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பினேன்.

"வெளிநாடு போனா பழைய சேமிப்புக் கணக்க அப்படியே வெச்சுக்கக் கூடாதுங்கப்பா. என்ஆர்ஓன்னு மாத்தோணும். இந்த ஊர்ல வர்ற வரவுக்கு அது. அங்க சம்பாரிச்சு அனுப்பறதுக்கு என்ஆர்இ. அதுல வர்ற வட்டிக்கு இங்க வரி இல்லீங்க."

"செரி, ரெண்டுல நம்முளுது எது?"

"ரெண்டுமே நம்முளுதுதானுங்க."

"அப்பறம் எதுக்குடா இத்தன கட்டம் போட்டு வெச்சிருக்கற?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம்.

கணக்கைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஓடிபி எந்த எண்ணுக்கு வரவேண்டும் என்பது மட்டும் பாக்கி. என் சிம்மை வெளிநாட்டில் உயிரோடு வைத்திருக்க ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "எம்பட ஃபோனுக்கு எப்படியும் காசு போடறேன். அதுக்கே வரட்டும் சாமி." சொந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் உடனே தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் இங்கே எது வாங்கினாலும் அங்கே ஒரு லாரி ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. மாற்று டிரைவர் செல்வம் அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லிவிடுவீர்கள்.

"நம்பர் வந்துதுங்களாப்பா?"

"வந்துது, வந்துது. என்ன வாங்கற?"

"ஷூங்க."

"போன மாசந்தான ஒண்ணு வாங்குன?"

"அது வேலைக்குப் போடறதுங்க. நம்பரச் சொல்லுங்க."

"இங்க ஒரே மழ. வைப்பர் வேற ஓட மாட்டீங்குது. சோறு தின்னயா? இரு, இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதுன்னு செல்வம் சொல்றான். உனக்குச் சொல்லலாமா?"

நீங்கள் சிரித்து முடித்து எண்ணைச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்திருக்கும். "போச்சா? இன்னொண்ணு அனுப்பச் சொல்லு" என்பீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனால் நீங்கள் விஜயவாடாவில் இருக்கிறீர்களா, நாக்பூர் தாண்டிவிட்டீர்களா என்பது எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. ஊரில் ஒரே வீட்டில் இருந்தபோது தெரிந்ததில்லை.

நாக்பூருக்கு அருகே ஒரு தாபாவில் வண்டியை நிறுத்திவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகுதான் செல்வம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவருகிறோம், அதற்குள் வந்துவிடு என்றார். அன்று மாலை கோயம்புத்தூர் விமானத்தில் இடம் இருந்தது. அதை விட்டால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சம்பளத்தை முந்தின நாள்தான் ஊர்க் கணக்குக்கு அனுப்பியிருந்தேன், இங்கே கையில் ஒன்றுமில்லை. ஊர்க் கணக்கின் கார்டைப் போட்டேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்த பிறகுதான், அது எங்கே போயிருக்கும் என்று உறைத்தது.

செல்வம் அண்ணனையே திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அப்பா ஃபோனு…"

"எங்கிட்டத்தான் இருக்குது தம்பி. அவரு சட்டப் பையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. இப்பத்தான் ஒரு மெசேஜ் வந்துது. படிக்கட்டுமா?"

படித்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எண்ணைத் தட்டினேன். உங்கள் ஃபோனுக்கு வந்த எண் முதல் தடவையிலேயே செல்லுபடியானது அன்றுதான்.

ஆம்புலன்ஸுக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டேன். உங்களை இறக்கும்போது கால் பக்கம் பிடித்தேன்.

இங்கே புதிதாக வருபவர்களுக்காக ஓர் ஆன்லைன் குழு இருக்கிறது. எந்தக் கணக்கு நல்லது என்று யாராவது கேட்டால் நீளமாக எழுதிவிடுவேன், அந்தப் பழக்கம் போகவில்லை. ஓடிபிக்கு உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள், சிம்முக்கு ரீசார்ஜ் செய்யச் சோம்பாதீர்கள், என்னைப் போல அப்பா எண்ணைக் கொடுக்காதீர்கள் என்றும் எழுதுவேன். போன வாரம் நாமக்கல் பையன் ஒருவன், "நீங்க ஏன் ப்ரோ அப்பா நம்பர் குடுத்தீங்க?" என்று கேட்டான். ரீசார்ஜ் செலவு மிச்சம் என்று எழுதப் போனவன் அதை அழித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒரு காரணம் தேவைப்பட்டது என்று போட்டேன்.

அன்று மத்தியானமே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏஞ்சாமி, ஏதாச்சும் வேணுமா?"

"இல்லீங்மா. சும்மாதான்."

"சும்மாவா?"

அப்புறம், பக்கத்து வீட்டு ஆடு நம் முருங்கையைக் கடித்த கதையை அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தது. முடியும்வரை கேட்டேன்.