பாம்புப் பெண் வீட்டு மாப்பிள்ளை

றிபா,

நீ தூங்குகிறாய், எழுப்பாமல் வயலுக்குப் போகிறேன். மீன் ஆணத்தைச் சூடாக்கி வைத்திருக்கிறேன். பூனை சுற்றுகிறது, மூடியைத் திறந்து போட்டுவிடாதே. நெல் அறைப் பூட்டின் திறப்பு சன்னலில் இருக்கிறது. உன் கூடப்பிறந்த நானா நெல் மூட்டைக்கு வந்தால் கொடுத்தனுப்பு. நம் சண்டையைச் சொல்லாதே.

நேற்று அந்த ஹிந்திப் பாம்புப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துச் சிரித்தேன்தான். சின்ன வயதிலிருந்து கூலிக்கு வரப்பு வெட்டி, மண்வெட்டியால் பாம்பு அடித்தவன் நான். பாம்பு காதலித்தால் சிரிப்பு வராதா? அதற்கு நீ "இது என்ட வூடு, பாக்க ஏலாட்டி எழும்பிப் போங்க" என்று சொல்வதா? அதுதான் பாதியில் எழும்பிப் போய் வெளியே படுத்தேன்.

ஆனால் விடிந்ததிலிருந்து ஒரே யோசனை. முதல் பாகத்தில் அந்தப் பாம்புப் பெண் காதலன் வீட்டுக்கு வந்தாள். இதில் அவன் நிலத்துக்கடியில் அவள் வீட்டுக்குப் போனானே, அங்கே என்ன தின்றான்? அவளுடைய ஆட்கள் மதித்தார்களா? நம் ஊர் ஆம்பிளைகளும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குத்தானே போகிறோம்.

பொழுது சாய, மஃரிபுத் தொழுகைக்கு வந்துவிடுவேன். மிச்சக் கதையைச் சொல்.

முஸ்தாக்

இன்னொன்று: அவளும் அவனை எழும்பிப் போகச் சொன்னாளா? சொன்னாள் என்றால், பிறகு கூப்பிட்டாளா?