பனிமுறிக் கஷாயம்

கோட்டிங்கன், மேற்கு ஜெர்மனி
12-2-1983

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கனகமணி எழுதுகிறேன். இங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. நான் அருவங்காட்டுக் குளிரில் வளர்ந்தவள் என்று வந்த புதிதில் பெருமையடித்திருந்தேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டருக்கு மேல் இரண்டு கோட்டு போட்டுக்கொண்டுதான் ஆய்வுக்கூடத்துக்கு நடக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. அப்பா இதை அம்மாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சரிவில் முளைக்கும் பனிமுறிச் செடியை அம்மா வேரோடு பிடுங்கி, உலர்த்தி, என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தாளே. அந்த வேரிலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்துவிட்டேன். பொடியுப்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். அவற்றின் மேல் இதைச் சொட்டு விட்டதில் மூன்றாம் நாள் வளர்ச்சி நின்றுவிட்டது.

இதில் என் வேலை என்ன என்று அப்பா கேட்பீர்கள். மூலக்கூறுக்குள் இருக்கும் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. சுருள்வில்லில் கட்டிய மணிகள் போல ஆடிக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதற்குள் விட்டால், எந்தப் பிணைப்பு எந்த வேகத்தில் அதிர்கிறது என்று இயந்திரம் தாளில் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுத் தரும். அந்தக் கோட்டைப் படிப்பதுதான் எனக்கு வேலை. இந்தப் பொருளில் ஓர் இடத்தில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் பாலம் போலச் சேர்ந்திருக்கின்றன. குணமெல்லாம் அந்தப் பாலத்தில்தான் என்கிறார் பேராசிரியர்.

அம்மா பிடுங்கிய வேர் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்பு மகள்,
கனகமணி


அருவங்காடு, நீலகிரி
5-3-1983

அன்பு அம்மிணி கனகமணிக்கு,

அப்பா ஆறுக்குட்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். நாலாம் தரம் பக்கத்து வீட்டு அம்சவேணி டீச்சரைக் கூப்பிட்டு, நான் ஏதும் விட்டுவிட்டேனா என்று படிக்கச் சொல்லிக் கேட்டாள். பால்காரருக்கும் விஷயம் போய்விட்டது.

எனக்கு வேலை எப்போதும் போலத்தான். அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு, மற்றபடி சுகம். பின்னால் போட்ட உருளைக்கிழங்கைப் பன்றி தோண்டிவிட்டது.

சில சந்தேகங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேர் மட்டும்தானா, இலையும் ஆகுமா? பச்சையாக எடுக்க வேண்டுமா, உலர்த்தியா? ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிக்கும்? வீட்டு முறையில் கஷாயம் வைத்தால் சத்து இறங்குமா? உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது. கூடிய சீக்கிரம் எழுதினால் நல்லது.

அம்மா உன்னைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா


கோட்டிங்கன்
19-3-1983

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நான் வேதியியல் எடுத்ததிலிருந்து இந்தப் பத்து வருஷத்தில் நீங்கள் என் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது ஒரே மூச்சில் நாலு. என்னோடு வேலை செய்யும் கருணாகரனிடம் கடிதத்தைக் காட்டினேன். உன் அப்பாவையே ஒரு மேஜை போட்டு உட்கார வைக்கலாம் என்று சிரித்தார்.

வேர்தான். இலையில் அநேகமாக ஒன்றுமில்லை. நிழலில் உலர்ந்தது நல்லது. அளவு இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. தட்டில் செல்களுக்குக் கொடுத்ததை வைத்துக் கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடி வேர் வரலாம். கஷாயமாக வைத்தாலும் இறங்கும் என்றுதான் நினைக்கிறேன். நம் பக்கத்தில் எந்த வேரைத்தான் கொதிக்க வைக்காமல் குடித்தோம்.

அம்மாவுக்குக் களைப்பு ஏன்? இரண்டு நாள் தண்ணீர் தூக்க விடாதீர்கள்.

அன்பு மகள்,
கனகமணி


கோட்டிங்கன்
16-8-1983

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இரண்டு மாதமாக உங்கள் கடிதங்கள் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. மழை என்றும் சுகம் என்றும் மட்டும் எழுதினால் போதுமா? அம்மா என்ன சமைத்தாள், யாரோடு சண்டை போட்டாள் என்றெல்லாம் எனக்கு வேண்டாமா?

அப்பா, உங்கள் தொழில் என் மேஜைக்கு வந்துவிட்டது. நீங்கள் முப்பது வருஷமாகத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வெடிமருந்து மாதிரியைக் குழாயில் போட்டுச் சூடாக்கி, எத்தனை நிமிஷத்தில் சிதைய ஆரம்பிக்கிறது என்று பார்க்கிறீர்கள். நானும் போன வாரம் அதையேதான் செய்தேன். பனிமுறிப் பொருளைத் தண்ணீரில் கலந்து சூடாக்கி, கால் மணிக்கொரு தடவை எடுத்து, அகச்சிவப்பில் பார்த்தேன். எண்பது டிகிரி தாண்டியதும் அந்த ஆக்ஸிஜன் பாலம் உடைந்துவிடுகிறது. கால் மணி நேரத்தில் பாதி போய்விட்டது, ஒரு மணியில் அந்த மேடே தாளில் இல்லை. மிஞ்சுவதை செல்கள் மேல் விட்டால் ஒன்றும் ஆவதில்லை. வெறும் கசப்புத்தான். ஆகவே கஷாயத்துக்கு ஆகாது. மார்ச்சில் நான் எழுதியது தப்பு.

பேராசிரியருக்கு இதில் வருத்தமில்லை. எப்படி உடைகிறது என்பதே தனிக் கட்டுரையாகும் என்கிறார். அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் வேர் எனக்கு இரண்டு கட்டுரை வாங்கித் தருகிறது.

அன்பு மகள்,
கனகமணி


அருவங்காடு
14-10-1983

அன்புள்ள கனகமணி,

இதை நீ தனியாக இருக்கும்போது படிக்க வேண்டும். பக்கத்தில் யாராவது இருந்தால் மூடி வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் படி.

உன் அம்மா போன மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை காலமானாள். தந்தி அடிக்க அன்றைக்கே தபால் ஆபீசுக்குப் போனேன். பாரத்தை எழுதியும் முடித்தேன். நாலே வார்த்தையில் உனக்கு இதைச் சொல்ல மனசு வரவில்லை. கிழித்துவிட்டு வந்தேன். பவானி கூடுதுறையில் எல்லாம் முடித்தாயிற்று.

ஜனவரியிலேயே மார்பில் கட்டி தெரிந்தது. கோயமுத்தூரில் டாக்டர் சில்வஸ்டர் பார்த்துவிட்டு, மார்ச் பத்தாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றார். உனக்கு எழுதக் கூடாது, புள்ள படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நாள் நெருங்கும்போது உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது.

படித்துக் காட்டி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “ஏனுங்க, நம்ம புள்ள கண்டுபுடிச்ச மருந்து ஊட்டுக்குப் பொறகாலயே மொளச்சுக் கெடக்குது. அதை உட்டுப்போட்டு நான் எதுக்குங்க கத்திக்குப் போகோணும்” என்றாள். வேண்டாம், முதலில் ஆபரேஷன் ஆகட்டும் என்று நான் சொன்னேன். ஒரு தரம்தான் சொன்னேன். அவள் பயந்த பயம் எனக்குத் தெரியும். அந்த பயம் போய் அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். அதன் பிறகு நான் பேசவில்லை. உனக்குக் கேள்வி எழுதினேன். அவளுக்கு என்று எழுதாமல், நான் தெரிந்துகொள்ள என்று எழுதினேன்.

பத்தாம் தேதி கோயமுத்தூருக்குப் போகவில்லை. உன் பதில் வந்ததிலிருந்து தினமும் காலையில் நானே வேரைத் தட்டிப் போட்டு, எட்டுக்கு ஒன்றாக வற்ற வைத்துக் கொடுத்தேன். முப்பது வருஷமாகச் சூடு எதை என்ன செய்யும் என்று பார்த்துப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அடுப்பின் முன்னால் ஐந்து மாதம் நின்றும் அது எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் கடிதம் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது கையில் கிடைத்தது. மழையில் நின்று படித்தேன். படித்ததை அவளிடம் சொல்லவில்லை. சும்மா ஒரு தரம் காட்டி வரலாம் என்று சொல்லிக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, ஈரலுக்குப் போய்விட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் காலை அம்மா வழக்கம் போலக் கஷாயம் கேட்டாள். வைத்துக் கொடுத்தேன். கடைசி வாரம் வரை கொடுத்தேன். அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

உன் மேல் பிழை இல்லை அம்மிணி. நான் கேட்டதற்குத்தான் நீ பதில் எழுதினாய்.

அப்பா


கோட்டிங்கன்
2-11-1983

அப்பா,

கடிதம் வந்தது.

மார்ச்சில் நீங்கள் எழுதியதை நான் எல்லோரிடமும் காட்டினேன். என் அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று சொல்லிக் காட்டினேன். அதில் ஒரே ஒரு வரி, அம்மாவுக்கு என்று ஒரு வரி, இருந்திருந்தால் அன்றைக்கே தந்தி கொடுத்திருப்பேன். கத்தி வைக்கச் சொல்லியிருப்பேன். நானே வந்து அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப் போயிருப்பேன். நீங்கள் என்னிடம் ஏதோ பொழுதுபோக்குப் போலக் கேட்டு, என் வாயால் அவளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க வைத்துவிட்டீர்கள்.

ஏழு மாதம் நலம் நலம் என்று எழுதினீர்கள். பிழை இல்லை என்று இப்போது எழுதுகிறீர்கள். அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

கனகமணி


காந்தல், உதகமண்டலம்
9-12-1984

அன்புள்ள கனகமணி,

நீ வேண்டாம் என்ற பிறகும் நாலு கடிதம் போட்டேன். திரும்பி வரவில்லை என்பதால் உன் கைக்கு வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். போன மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்தாயிற்று. ஊட்டியில் காந்தலில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் இருக்கிறேன். விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. சாமான் கட்டும்போது அம்சவேணி டீச்சர் உதவிக்கு வந்தது. அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சொன்னது. போன வருஷம் ஆகஸ்டில் என் நனைந்த கோட்டை உலரப் போடும்போது அம்மா பையில் உன் கடிதத்தைப் பார்த்திருக்கிறாள். உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். நான் ஏன் படித்துக் காட்டவில்லை என்று டீச்சரிடம் எடுத்துப் போயிருக்கிறாள். டீச்சர் முழுக்கப் படித்துவிட்டது.

அம்மா கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டாளாம். பிறகு இதை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஏனக்கா, இனியும் அதைக் குடிக்கப் போகிறீர்களா என்று டீச்சர் கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “குடிக்கலீன்னா அந்த மனுசன் காலைல எந்திரிச்சு என்னத்தைப் பண்ணுவாரு? அடுப்புக்கிட்ட நிக்கறதுலதான் அவரு ஓடிட்டு இருக்கறாரு. புள்ள மேல தப்பில்லீங்க டீச்சர். அது வேணாம்னுதானே எழுதிப்போட்டுது.”

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதம் நான் தம்ளரை நீட்டினேன், அவள் வாங்கிக் குடித்தாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. முன்பு ஒன்றை மறைத்ததே போதும். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அப்பா


கோட்டிங்கன்
6-1-1985

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு, மார்ச்சில், உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது கருணாகரன் எட்டிப் பார்த்து, கஷாயமா, அந்தப் பாலம் சூடு தாங்குமா என்று பார்க்காமல் எழுதாதே என்றார். என் காதில் நன்றாக விழுந்தது. தபால் எடுக்க ஐந்து நிமிஷம் இருந்தது. நினைக்கிறேன் என்று போட்டு ஒட்டிவிட்டேன். சோதித்துப் பார்க்க ஒரு பகல் போதும். அதை ஆகஸ்டில்தான் செய்தேன், அதுவும் பேராசிரியர் சொன்னதால். ஒரு வருஷம் உங்கள் மேல் கோபமாக இருந்தது இதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான். உங்கள் நாலு கடிதத்தையும் பிரிக்கவே இல்லை. ஐந்தாவதை மட்டும் பிரித்தேன், ஊர் பெயர் மாறியிருந்ததால். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன்.

சூட்டில் உடைவதைப் பற்றிய கட்டுரையை என் பெயரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேராசிரியருக்குக் காரணம் சொல்லவில்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கோயமுத்தூர் வந்து சேர்வேன். அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறேன். எதிரே வந்து நிற்க வேண்டாம், ஜனங்கள் நடுவில் உங்களைப் பார்க்க என்னால் முடியாது. காந்தலில் விசாரித்து நானே வருவேன். அன்றைக்கு அம்மாவைப் பற்றி நீங்களும் பேசாதீர்கள், நானும் பேசவில்லை. சோறு மட்டும் ஆக்கி வையுங்கள்.

உங்கள் மகள்,
கனகமணி