கடைசி ஆளின் பங்கு

அன்புள்ள அப்பாவுக்கு, காமேஸ்வரியின் நமஸ்காரம். மடப்பள்ளிப் புகையில் உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? ஜெர்மனியில் குளிர் விட்டுவிட்டது. நான் நலம்.

போன வாரம் என் ஆராய்ச்சியை எல்லோர் முன்னும் விளக்கினேன். ஒன்றைப் பெரிய பெரிய எண்களால் வகுக்க வகுக்கப் பங்கு சிறுத்துக்கொண்டே போகும். எல்லாப் பின்னங்களையும்விடச் சிறியதாகிவிட்டால் அது சுழியம்தான் என்று எழுதியிருந்தேன். நாம் எண்ணும் எண்களுக்கு அது சரி. நான் ஆராயும் வளையம் என்ற அமைப்பிலோ, அந்த எண்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்று இருக்கிறது. ஒன்றை அதைக்கொண்டு வகுத்தால் வரும் பங்கு எல்லாப் பின்னங்களையும்விடச் சிறியது, ஆனாலும் சுழியம் இல்லை. பேராசிரியர் இதைச் சுட்டிக்காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடிக் கிருத்திகையில் வரிசை நீள நீள உங்கள் கரண்டியில் பொங்கல் குறையும். கடைசியில் அண்டாவைச் சுரண்டி, "கொஞ்சம்னு நெனைக்காதேம்மா, இது ஒனக்குன்னே இருந்தது" என்று கொடுப்பீர்கள். அதைப் பார்த்து வளர்ந்த நானே மறந்துவிட்டேனே! அந்த நினைப்பில்தான் கூச்சமில்லாமல் தப்பை ஒப்புக்கொண்டேன். உங்களுக்குத்தான் நன்றி அப்பா.

ஒரு அத்தியாயத்தை முழுதாகத் திருப்பி எழுதவேண்டும். அதனால் இந்த ஆடிக்கு வர முடியாது. சாம்பார்ப் பொடி அனுப்புங்கள். டப்பாவை அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றுங்கள், புதுத் துணி வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. கிருத்திகையன்று அண்டாவைக் கழுவப் போடுமுன் இன்னொரு முறை சுரண்டுங்கள். வரிசையில் கடைசி ஆள் நான்.

காமு