அந்தோனியார் ரொட்டியும் எக்ஸ்ரே படமும்

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிந்து கோயிலில் மந்திரித்துக் கொடுத்த அந்தோனியார் ரொட்டி என் முந்தானையில் இருக்கிறது. அதன் புளித்த வாசனையோடு, என் வீட்டுக்காரரே, நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்களோடு பேசாமல் இதை எப்படித் தின்பது?

உலகச் சண்டை நடந்த காலம் அது. நீங்கள் இரண்டாம் தடவை இரத்தமாக வாந்தியெடுத்த வாரம். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, வெள்ளை மாவைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரப் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரைப்பையின் மேல்பக்கத்தில் திராட்சைக் கொத்துப் போல உருண்டை உருண்டையாக நிழல்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். "அந்தோனியார் ரொட்டி, டாக்டர். ஒரு துண்டு. பூசையில நாக்குல நன்மை அப்பம் வாங்குற மாதிரிதானே, அது சாப்பாடா இன்னா?"

டாக்டருக்குக் கோபம். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. நிழல் வெறும் ரொட்டிதான். மயிலாப்பூர் டிராமில் வீடு வரும்வரை உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன், சந்தோஷமாக.

அடுத்த தடவை படம் எடுக்கும்முன் தண்ணீர்கூட உங்கள் வாயில் படவிடவில்லை. நிழல் அதே இடத்தில் இருந்தது. கட்டியாக இருக்கும், அறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

பிறகு எதையோ யோசித்தவர் உங்களை மறுபடி, எக்ஸ்ரேயைத் திரையில் நேராகப் பார்க்கும் இருட்டறைக்குள் கூட்டிப்போனார். நான் கதவுக்கு வெளியே. "மூச்சை நல்லா இழுங்க. புடிச்சுக்குங்க. இப்ப விடுங்க." திரும்பத் திரும்ப அதே குரல். அவர் பிடிக்கச் சொன்னபோதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்தேன்.

வெளியே வந்த டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. "கட்டின்னா அப்படியே இருக்கும்மா. இது மூச்சுக்கு மூச்சு பெருசாகுது, சுருங்குது. இரைப்பையில ரத்தக்குழாய் புடைச்சிருக்கு. கத்தி வெச்சிருந்தா மேசையிலயே போயிருப்பாரு."

கட்டி இல்லையே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்ப சரியாயிடுமா?"

"அது என்னிக்கு வெடிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னா புள்ள, இப்பிடி முழிக்கிற? நான் இங்கதான கீறேன்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் இருமினால் பயம், தும்மினால் பயம், வாய்விட்டுச் சிரித்தால்கூடப் பயம். தண்ணீர்க் குடத்தைத் தொடவிட மாட்டேன். "என்னக் கண்ணாடி கிளாஸு ஆக்கிட்டியே," என்று கேலி செய்வீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. குருவானவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனிமேல் பயப்பட என்ன இருக்கிறது என்கிறார்கள் எல்லோரும். பக்கத்து வீட்டில் யாராவது இருமினாலும் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறேன். ரொட்டியைத் தின்னத்தான் போகிறேன். ஆனால் அந்த இருட்டறை வாசலில், "புடிச்சுக்குங்க" என்றது கேட்டு உங்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தேனே, "விடுங்க" என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.