நூற்றிரண்டு பாகைக் காய்ச்சல்

நாவற்குடா
2025 ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மேனுகா எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் வாசிக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிய காரியம். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு அறை வீடு. நான் வாயைத் திறந்தால் விதுர்ஷாவின் காது நீளும். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய்மாருக்குப் பகல் ஒன்றரை மணி வரைக்கும் அவர்களுடைய வாய் அவர்களுக்குச் சொந்தம். வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வாசலில் வைத்து, "புள்ள பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். அது பிழை. நீங்கள் பிள்ளைக்கு முன்னால் என்னை விசரி என்றதும் பிழை. இரண்டையும் ஒரு பக்கம் வைப்போம்.

திங்கள் மாலை கட்டாரில் ஏவுகணை விழுந்ததைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் மச்சான் ரதீஸ், வேலையாட்கள் தங்குகிற கட்டடத்தின் மேலே ஏறி நின்று, திருவிழா வாணம் பார்க்கிற மாதிரி அதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நல்லா ஏசினேன். என் மனுசன் சுகமாக இருக்கிறார். மறுநாள் விதுர்ஷாவுக்குப் பாடம் அதுதான். சுவரில் ஒட்டியிருக்கும் உலகப் படத்தில் அப்பா எங்கே, ஈரான் எங்கே என்று தையல் நூலால் அளந்தாள். பிறகு நூலை விரலில் சுற்றிக்கொண்டாள்.

எங்கள் நாள் இப்படித்தான். ஏழு மணிக்கு வானொலிச் செய்தி. அதைக் கேட்டு "உலக நடப்பு" என்ற கொப்பியில் ஒரு பக்கம் எழுதுவாள். பிறகு கணிதம், விஞ்ஞானம். பதினொரு மணிக்கு வளவுக்குள் சைக்கிள் ஓடலாம், முருங்கை மரத்தைச் சுற்றிப் பத்து வட்டம். சபைக்கு என்னோடு வருவதைத் தவிர, கேற்றுக்கு வெளியே விடுவதில்லை.

பிடிவாதக்காரி என்பீர்கள். 2019இல் நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியபோது ஊரே சிரித்தது. அடுத்த வருடம் கொரோனா, எல்லாப் பிள்ளைகளும் வீட்டில். மறுகா பெற்றோல் இல்லை, பள்ளிக்கூடம் பூட்டு. மறுகா வெள்ளம், பூட்டு. நான் பயந்ததையெல்லாம் உலகம் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறது அக்கா. என்னில் என்ன பிழை?

கொப்பியை இத்துடன் அனுப்புகிறேன். பெரியம்மாதான் திருத்த வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உங்கள் சிவப்புப் பேனைக்குக் கொஞ்சம் வேலை.

தங்கச்சி
மேனுகா

*

வந்தாறுமூலை
2025 ஜூலை 14

என் அன்புத் தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன், மூன்றாம் தரம் அழுதேன். விசரி என்றதைத் திரும்ப எடுக்கிறேன்.

கொப்பி திருத்தியாயிற்று. முப்பது வருடம் ரீச்சராக இருக்கிறேன், பத்தாம் தரத்து வயதில் இப்படி எழுதுகிற பிள்ளையை அதிகம் கண்டதில்லை. நீ நன்றாகத்தான் படிப்பிக்கிறாய். அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் மேனு, நூற்றுப் பதினாறு பக்கம். போர், பூமியதிர்ச்சி, விழுந்த விமானம், கவிழ்ந்த படகு. ஒரு கிரிக்கெட் ஆட்டம் இல்லை. ஒரு கலியாணம் இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊர் திரண்டு வந்தது, அதுவும் உன் வானொலியில் வரவில்லை போலும். நீ இப்போது வேதக்காரி, போகட்டும், உங்கள் சபையில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்த செய்திகூட இல்லையே. எண்பதாம் பக்கத்தில், "இன்று மழை. கிணற்றடியில் தவளை கத்துகிறது" என்று எழுதிவிட்டு அவளே வெட்டியிருக்கிறாள். செய்தி இல்லை என்று நினைத்திருப்பாள். அந்தப் பக்கத்துக்குத்தான் முழுப் புள்ளி போட்டேன்.

விசயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு ஒரு கிலோமீற்றரில் இருக்கிற பாடசாலைக்கு அருமைநாயகம் என்பவர் அதிபராக வந்திருக்கிறார். என்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்தவர். பதினோராம் தரத்தில் விதுர்ஷாவுக்கு ஒரு இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் தாய் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண தரப் பரீட்சையை வீட்டிலிருந்தும் எழுதலாம், உன் பிள்ளை சித்தியடைவாள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வருடத்தை விட்டால் அவள் இனி ஒரு வகுப்பில் நாலு பிள்ளைகளோடு இருக்கவே மாட்டாள்.

உன் அக்கா
கேதீஸ்வரி

*

நாவற்குடா
2025 ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும். என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு இடம் பிடிக்க உங்களுக்கு யார் சொன்னது?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த உயிர்த்த ஞாயிறு அன்று அவளுக்கு எட்டு வயது. வெள்ளைச் சட்டை அழுத்தி வைத்திருந்தேன். எழும்பியவள் தலை சுற்றுகிறது என்றாள். மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தேன், தேமாமீற்றரை வாயில் வைக்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். வந்து பார்த்தால் நூற்றிரண்டு. போர்வையால் மூடிப் படுக்க வைத்தேன். ஒன்பது மணியளவில் யன்னல் அதிர்ந்தது. ஆலயத்தில் குண்டு. ஞாயிறு பாடசாலைக்கு இவளோடு போய் வருகிற பக்கத்து ஒழுங்கை ஜெனுஷாவுக்கு இடது கண் போனது. எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கர்த்தர் ஒரு காய்ச்சலை அனுப்பி என் பிள்ளையை வீட்டில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் சபையில் மைக்கைப் பிடித்து இதைச் சாட்சியாகச் சொல்கிறேன். வீட்டில் வை என்று ஆண்டவரே சொன்ன பிறகு உங்கள் அருமைநாயகம் யார்?

சொல்லக் கூடாது, சொல்கிறேன். போன கிழமை ஜெனுஷா கேற்றடியில் சைக்கிளை நிறுத்தி, "விதுர்ஷா நிக்காளா அன்ரி?" என்று கேட்டாள். தினமும் பள்ளிக்கூடம் போக இந்த வழியால்தான் போகிறாள், நின்று கேட்டது இதுதான் முதல் தரம். நித்திரை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணி. அந்தப் பிள்ளை ஒற்றைக் கண்ணால் என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். விதுர்ஷா கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அன்று இரவு சோறு வேண்டாம் என்றாள். காரணம் கேட்டேன், கணக்கு இருக்கிறது என்றாள்.

அடுத்த கொப்பியை அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். "பெரியம்மாட்ட கட்டாயம் அனுப்புங்க" என்று மூன்று நாளாக நச்சரித்தாள். ஒட்டித் தந்ததும் அவள்தான். திருத்துங்கள். புத்திமதி எழுத வேண்டாம்.

மேனுகா

*

வந்தாறுமூலை
2025 செப்டெம்பர் 5

தங்கச்சி மேனுவுக்கு,

புத்திமதி எழுதவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை விதுர்ஷா எனக்கென்று எழுதியிருக்கிறாள். அதை நான் திருத்தவில்லை. எனக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொப்பியை அவள் உன் கையால்தான் அனுப்ப வைத்தாள், திரும்பி உன் கைக்குத்தான் வரும் என்றும் அவளுக்குத் தெரியும். அதனால் அது உனக்கும் எழுதியதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் குளிக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்து வாசி. வாசித்தபின் கை நீட்டாதே. எட்டு வயதுப் பிள்ளை செய்த காரியம் அது, பதினாலு வயதுப் பிள்ளை அதை இவ்வளவு காலம் தனியே சுமந்திருக்கிறாள். உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் மிச்சமில்லை.

அக்கா

*

வந்தாறுமூலை
2025 டிசெம்பர் 9

மேனு,

மூன்று மாதம். ஒரு வரி இல்லை. போன மாதப் புயலுக்குப் பிறகு உன் போனுக்கு எத்தனை தரம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் வற்றி வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று உங்கள் பகுதி ஆள் ஒருவர் சொல்லித்தான் உயிர் வந்தது. இங்கே கூரை ஓடு நாலு பறந்தது, மற்றும்படி சுகம்.

அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னது பிழையோ என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரை இல்லை. என்னோடு கோபம் என்றால் ஏசியாவது எழுது. அருமைநாயகம் இன்னும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

அக்கா

*

நாவற்குடா
2026 ஜனவரி 6

என் அருமை அக்காவுக்கு,

வாசித்தேன். நீங்கள் சொன்ன மாதிரி உட்கார்ந்துதான் வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தாள்:

"இன்றைய செய்தி. 2019 ஏப்ரல் 21. எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. அன்று சொல்ல வேண்டிய வேத வசனத்தை நான் பாடமாக்கவில்லை, பயமாக இருந்தது. தேமாமீற்றரை மல்லித் தண்ணிக்குள் வைத்தேன். முதல் தரம் நூற்றெட்டுக்குப் போய்விட்டது. உதறி இறக்கித் திரும்ப வைத்தேன். நூற்றிரண்டு சரியாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் ஜெனுஷாவிடம், முன் வாங்கில் எனக்கும் இடம் பிடித்து வை என்று சொல்லியிருந்தேன். அவள் அதற்காக வெள்ளனவே போனாள். பெரியம்மா, இதைத் திருத்தவும்."

அடிக்கவில்லை அக்கா. நான் மைக்கில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், நூற்றிரண்டு, நூற்றிரண்டு என்று. ஜெனுஷாவின் தாய் மூன்றாவது வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். விதுர்ஷா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், பக்தி என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்துக்கு மேலாக நான் வாசித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏழு மணிக்குச் செய்தி கேட்டோம், பக்கம் எழுதினாள், பதினொரு மணிக்கு முருங்கை மரத்தைச் சுற்றினாள். உங்களுக்கு எழுத உட்காருவேன், திகதி போடுவேன், அதோடு சரி. காய்ச்சல் பொய் என்றால் நான் ஆறு வருடம் எதை நம்பிக் கேற்றைப் பூட்டினேன்?

மறுகா புயல் வந்தது. இடுப்பளவு தண்ணீர். வீடுதான் பத்திரம் என்று சொன்ன என்னை வீட்டை விட்டே வெளியேற்றிப் படகில் ஏற்றினார்கள். கொண்டுபோய் விட்டது எங்கே தெரியுமா? உங்கள் அருமைநாயகத்தின் பள்ளிக்கூடத்தில். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். மேசைகளை அடுக்கிவிட்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். அடுத்த வாங்கில் ஜெனுஷா குடும்பம். ஓட இடமில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் பெரியவர்கள் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றோம். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வாங்கில். விதுர்ஷா குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள், மல்லித் தண்ணி, வசனம், முன் வாங்கு எல்லாம். அன்று காது நீண்டது எனக்கு. ஜெனுஷா முழுவதையும் கேட்டாள். அழவில்லை, ஏசவில்லை. கடைசியில் இதைத்தான் கேட்டாள்:

"அதுக்காடி இவ்வளவு காலமும் வராம இருந்த? என்ட கண்ணப் பாக்க உனக்கு அருவருப்பு எண்டுதான் நான் நினைச்சிட்டு இருந்தன்."

அக்கா, அந்தப் பிள்ளை எங்கள் கேற்றைக் கடந்து தினமும் போனாள். ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு நாள் துணிந்து வந்து கேட்டபோது, நித்திரை என்று நான் சொன்னேன். பார்சலைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனேன். "அண்டைக்கு இவள் நித்திரை இல்ல மகள். பொய் சொன்னது நான்தான்" என்றேன். அவள் "தெரியும் அன்ரி" என்றாள். திரைச்சீலைக்குக் கீழே விதுர்ஷாவின் கால் தெரிந்ததாம்.

புது வருட ஆராதனையில் வழக்கம் போல மைக்கைத் தந்தார்கள். வாங்கவில்லை. போதகர் ஒரு மாதிரிப் பார்த்தார். அவரிடம் பிறகு சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டாம் திகதி போய்க் கையெழுத்து வைத்தேன். வெள்ளைச் சட்டை தைக்க நாள் போதாமல் ஜெனுஷாவின் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள், தோளில் கொஞ்சம் இறுக்கம்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். இரண்டு சைக்கிள். விதுர்ஷா ஜெனுஷாவுக்கு இடது பக்கமாக ஓடினாள். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாதும்மா, லொறி வந்தா நான் சொல்லோணும்" என்றாள். ஒழுங்கை முடியும் வரைக்கும் பார்த்தேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். சந்தியில் ஏதாவது சத்தம் கேட்டால் இன்னும் கேற்றடிக்கு ஓடுகிறேன். ஏழு மணிக்கு வானொலியைப் போடவில்லை. பதினொரு மணிக்கு முருங்கை மரத்தடியில் போய்ச் சும்மா நின்றேன்.

புள்ள பெத்தவளுக்குத்தான் தெரியும் என்று உங்களிடம் சொன்னேனே. எனக்குத் தெரியவில்லை அக்கா. அவள் உங்களுக்குத்தான் எழுதினாள்.

இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு ஏலாது, அதுதான் எழுதினேன். வாசித்து முடித்ததும் போனில் கூப்பிடுங்கள். பத்தரைக்கு உங்களுக்கு இடைவேளை என்று தெரியும். ஒன்றரை மணி வரைக்கும் இந்த வீட்டில் கேட்க ஆளில்லை.

உங்கள்
மேனு